காலையில் மேற்கே பாருங்கள்

எண்ணூரில் எடுத்த புகைப்படங்களை ஒரு மேசையில் பரப்பிவைத்தால், பெரும்பாலானவை ஒரே படமாகத்தான் இருக்கும். கழிமுகத்துத் தண்ணீர், பின்னால் மூன்று நான்கு புகைபோக்கிகள், ஆரஞ்சு வானம், நடுவில் படகின் மேல் கறுப்பாக ஒரு மனிதன். எடுத்தவர்கள் வேறு, ஆண்டு வேறு, கேமரா வேறு. நானும் எடுத்திருக்கிறேன். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மூன்று மாதம் கழித்து நெட்டுக்குப்பத்தில் அந்தப் படகுக்காரரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது தம்பி. இதுல நா எங்க?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. படத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பவர்களுக்கென்று அறிவுரைகள் மலிந்து கிடக்கின்றன. எந்த லென்ஸ், எந்தப் பை, விடியலுக்கு எத்தனை நிமிடம் முன்னால் போய் நிற்பது என்று பட்டியல் நீளும். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையில் அந்த அறிவுரைகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. உப்பு, சாம்பல், காவல், கூச்சம், அவசரம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் கரை என்பதால், இங்கே தேறிய பாடம் வேறு ஊரிலும் தேறும்.

முதலில் அந்தக் கறுப்பு மனிதன் எங்கிருந்து வந்தான் என்று பார்த்துவிடலாம். இந்தக் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. விடியற்காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரே. நடுவில் யார் வந்தாலும் நிழலுருதான். முகத்துவாரத்தில் நிற்பவருக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும் மேற்கே 1500 மெகாவாட் வல்லூர் நிலையமும் தெரியும். சாயங்காலம் சூரியன் அந்த மேற்குப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் போய் இறங்குகிறது. வெளியூரிலிருந்து வருபவர் விடியலுக்கோ அஸ்தமனத்துக்கோதான் வருகிறார். புத்தகங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. இரண்டு வேளையும் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கிறார். கேமராவின் அளவி வானத்துக்குச் சரிசெய்துகொள்கிறது, முகம் இருட்டில் போய்விடுகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே ஒரு ஊரே முகமற்றதாகிவிட்டது.

மாற்று எளிது. காலை ஏழு மணிக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அதே புகைபோக்கிகள் மஞ்சள் வெயிலில் துலக்கமாக நிற்கும். எதிரே வலை உதறுகிறவரின் முகமும் தெரியும், விரலில் சுற்றிய பிளாஸ்டிக் நூலும் தெரியும். ஆனால் அந்தப் படம் அவ்வளவு 'அழகாக' இருக்காது, சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைப்பது சிரமம்.

முகத்துக்கு வெளிச்சம் கிடைத்தால் மட்டும் போதாது. கேமரா எதை நடுத்தர வெளிச்சம் என்று எண்ணுகிறதோ அதற்கும் நம் தோல் நிறத்துக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பல பத்தாண்டுகள் ஓடின. டிஜிட்டலில் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே சட்டகத்துக்குள் பளபளக்கும் வஞ்சிரம், ஐஸ் குவியல், வெள்ளைத் தெர்மகோல் பெட்டி, கறுத்த முகம் நான்கும் வரும்போது கேமரா வெள்ளையின் பக்கம்தான் சாய்கிறது. முகத்தின் மேல் அளவெடுங்கள். ரா ஃபைலாக எடுத்தால் ஐஸின் வெளுப்பைப் பிறகு கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். இருட்டில் போன முகத்தை இழுத்தால் புள்ளி புள்ளியாகச் சாம்பல் பூத்துவிடும். இன்னொன்று, பின்னால் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்காதீர்கள். கல்யாண ஆல்பத்தில் செய்கிறோம் என்பதற்காக இங்கேயும் செய்ய வேண்டியதில்லை.

இந்த ஊரும் கேமராவும் சந்தித்துக்கொண்டது நேற்றல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதே 1856-ல்தான் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் அவர் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நான்கு மாதத்துக்கு மேல் சுற்றினார். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் மெழுகு ஊட்டிய காகித நெகடிவ்கள். பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களாக ஒட்டவைத்தார். வானம் வெறுமையாக வந்தால் நெகடிவிலேயே மேகம் தீட்டினார். ஆக, வானத்தை மாற்றிப்போடும் வழக்கம் போட்டோஷாப்போடு வந்ததில்லை. பயணப் புகைப்படக்காரர்களில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அவர் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. மனிதர்கள் அசைவார்கள், காகிதம் பொறுக்காது.

மனிதர்கள் படத்துக்குள் வந்தபோது வந்த விதம் நல்லதாக இல்லை. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற குதிரைப்படை அதிகாரி எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். உலகம் அந்தப் பஞ்சத்தை அவர் படங்களின் வழியாகத்தான் பார்த்தது. எடுத்து முடித்ததும் அவர்களைச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் கூடவே ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய பத்து வருடம் கழித்து மாண்டலேயில் துப்பாக்கியால் சுட்டு நிறைவேற்றிய மரண தண்டனைகளைப் படமெடுத்ததற்காக அவர் விசாரணைக்கும் ஆளானார். ராயபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இங்கேதான். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சத்தைக் கண்டதும் தொட்டி வைத்தவர்களும் உண்டு, முக்காலி வைத்தவர்களும் உண்டு. இரண்டும் வேண்டியதுதான் என்று வாதாடலாம். முக்காலி வைத்தவன் எவ்வளவு நேரம் இருந்தான், பிறகு என்ன செய்தான் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

உலக அளவில் இதே கேள்வியை எதிர்கொண்டவர் பிரேசிலின் செபஸ்தியோ சல்காடோ. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய அவருடைய பெரிய தொகுப்பு 2000-ல் வந்தது. அத்தனை உருக்கமான படங்களின் கீழே அந்த மனிதர்களின் பெயர் ஏன் இல்லை என்று 2003-ல் சூசன் சொன்டாக் கேட்டார். பிரபலங்களுக்குப் பெயர் போடுகிறோம், மற்றவர்களைத் தொழிலாகவும் துயரமாகவும் சுருக்கிவிடுகிறோம் என்பது அவர் வாதம். நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். கழிமுகத்தில் சாம்பல் கழிவைப் பற்றிப் பேசுகிறவரின் பெயரை அச்சில் போட்டால் நாளைக்கு அவருக்கு வேலை போகலாம். ஆகவே கேட்டுப் போடுங்கள், கேட்டு விடுங்கள். 'எண்ணூர் மீனவர்' என்று மட்டும் எழுதுவது சோம்பல்.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். வடசென்னையில் கேமராவைக் கெடுப்பவை மூன்று: உப்பு, சாம்பல், ஏசி. மூன்றாவதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏசி காரிலோ அறையிலோ குளிர்ந்த கேமராவைக் காசிமேட்டுப் புழுக்கத்தில் திறந்தால் லென்ஸ் உடனே வியர்க்கும். துணியால் துடைத்தால் மறுபடி வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறப்பதுதான் வழி. அந்த அரை மணியில் டீ குடித்துக்கொண்டு பேசலாம், அதுவும் வேலைதான். உப்புக் காற்று படிந்த கேமராவை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. உப்புத் துகள் கீறிவிடும். முதலில் ரப்பர் ப்ளோயர், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி, கடைசியில் உலர்ந்த துணி. வாயால் ஊதவே கூடாது. நிலக்கரியும் சாம்பலும் பறக்கும் எண்ணூர்ப் பக்கம் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி ஒட்டும். வீட்டுக்கு வந்து வானத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கரும்புள்ளிகள் தெரியும். அன்றைக்கு ஒரே லென்ஸோடு போங்கள். முப்பத்தைந்து எம்எம் போதும். அதைக் கொண்டு யாரையும் தூரத்திலிருந்து திருட முடியாது, பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். கழிமுகப் பாலத்தின் மேலிருந்து நீள லென்ஸால் எடுக்கப்பட்ட இறால் பிடிப்பவர்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அடியைத் தடவி இறாலைப் பிடிக்கும் வேலை அது. மேலேயிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும். கரையில் அவர்கள் ஏறும்வரை காத்திருந்தால் கையைக் காட்டுவார்கள். விரல் நுனிகளில் இருக்கிறது அந்தப் படம்.

காசிமேட்டு ஏலத்துக்கு நள்ளிரவு கழிந்து இரண்டு மூன்று மணிக்கே போய்விட வேண்டும், சனிக்கிழமை இரவானால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக லாஞ்சுகள் அணிவகுத்து வரும். அங்கே எல்இடி விளக்குகள்தான் சூரியன். சத்தம் வராத மின்னணு ஷட்டரை நம்பினால் படத்தில் வரி வரியாகப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஐஎஸ்ஓ-வை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கூடை தலையில் வைத்து ஐஸ் தண்ணீர் வழுக்கும் தரையில் ஓடுகிறவரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது போல மடத்தனம் வேறில்லை. வழியில் நிற்காதீர்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் மீனின் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் சட்டகத்துக்காக யாரும் நிற்கமாட்டார்கள், நிற்கவும் கூடாது. ஏலம் முடிந்து, மீன் வெட்டும் பெண்கள் அரிவாள்மணையைக் கழுவும் நேரம்தான் பேச்சுக்கு இடம் தரும் நேரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் புகைப்படக்காரர்களும் வருவதில்லை. என் கணக்கில் அதுதான் ஆண்டிலேயே சிறந்த காலம். லாஞ்சுகள் கரையேறி நிற்கும். பலகை இணைப்பில் பஞ்சு திணிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலைகளை நடுத்தெருவில் விரித்து முடைவார்கள். நேரம் இருக்கும், கடனும் இருக்கும், பேச்சும் வரும்.

காவல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுகம், மின்நிலையம், சுத்திகரிப்பு ஆலை வாசல்களில் கேமராவைத் தூக்காதீர்கள். 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. எக்ஸ்பிரஸ் சாலையில் நின்ற கண்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னணியில் ஒரு வளாகத்தின் கதவு விழுந்துவிட்டது என்று காவலாளி இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, கார்டையே அழிக்கச் சொன்னார். அழித்தேன். கேமராவில் இரண்டு கார்டு போட்டிருந்ததை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்ரோனுக்கு 2021 விதிகள் உண்டு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை எது என்று பார்க்காமல் இந்தப் பக்கம் பறக்கவிட்டால் வம்புதான். எனக்கு ட்ரோன் பிடிக்காது என்பது வேறு விஷயம். மேலேயிருந்து பார்த்தால் குப்பத்துக்கும் கிடங்குக்கும் கூரை ஒன்றுதான்.

இத்தனை அறிவுரைக்கும் மேலே, படம் யாருக்காக என்று கேட்கவைத்தது எண்ணெய்தான். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் களியாக எண்ணெய் ஒதுங்கியது. வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக மறுபடி எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய கூழைக்கடாவின் படம் ஊரெங்கும் போனது. நல்ல படம், தேவையான படமும்கூட. காட்டுக்குப்பத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டது வேறு: "பறவைய எல்லாரும் எடுத்தாங்க. எங்க வலைய எடுத்தியா?" எடுத்திருக்கவில்லை. நஷ்டஈட்டு மனுவோடு இணைக்க அவர்களுக்கு வேண்டியிருந்தது படகின் பதிவு எண், எண்ணெய் ஊறிய வலை, தேதி மூன்றும் தெரிகிற ஒரு சாதாரணப் படம். சட்டகம் கோணலானாலும் பரவாயில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: எனக்காக ஒன்று எடுத்தால் அவர்கள் மனுவுக்காக ஒன்று. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கி, உள்ளே பதிந்த விவரங்களும் கழன்றுவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். மூல ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெள்ளம் வருகிற ஊர் இது.

பயணி என்ற சொல்லையே கேள்விக்குள்ளாக்கும் ஒருவரைச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவடையாது. எம். பழனி குமார் மதுரைக்காரர்; தாய் மீன் விற்றவர். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 'பாரி' என்னும் ஊரக இதழியல் தளத்துக்காக ராமநாதபுரத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு தண்ணீருக்குள் இறங்கிப் படமெடுத்தவர், 2022-ல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். மலக்குழி மரணங்களில் கணவரை, மகனை இழந்தவர்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனவர். எனக்கு அவர் படங்களைவிட முக்கியமாகப் படுவது, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் கேமராவைக் கையில் கொடுத்துக் கற்றுத்தருவது. அப்படிப்பட்ட பிள்ளைகள் எடுக்கிற படங்களில் நிழலுரு அபூர்வம். அம்மாவை யாரும் கறுப்பு உருவமாக எடுப்பதில்லை.

வடசென்னையைச் சினிமாவும் ஒரு மாதிரி சட்டகம் போட்டுவைத்திருக்கிறது. 'மெட்ராஸ்', 'வடசென்னை', 'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டு வருகிறவர் சுவரோவியத்தையும் குத்துச்சண்டைக் கையுறையையும் தேடுகிறார். அவை இருக்கின்றன. கூடவே, ராயப்பர் என்கிற பீட்டரின் பெயரில் படகோட்டிச் சமூகத்தார் கட்டிய தேவாலயம் இருக்கிறது, ராயபுரத்தில் பார்சிகளின் நெருப்புக் கோயில் இருக்கிறது, திருவொற்றியூரில் வடிவுடையம்மனும் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும் இருக்கின்றன. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-ல் வந்தபிறகு, காலை ஷிப்ட் பயணிகளின் முகங்கள் ஒரு தனித் தொடருக்குக் காத்திருக்கின்றன. நான் இன்னும் தொடங்கவில்லை.

செய்துகொண்டிருப்பது வேறொன்று. 1875-ல் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் தேய்ந்தன. வீதிகள் கடலுக்குள் போயின, கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. இந்தத் தேய்மானத்தை ஒரே நாளில் படம் பிடிக்க முடியாது. அமெரிக்க மேற்கில் மார்க் க்ளெட் குழுவினர் 1977 முதல் பழைய படங்களின் இடங்களையே தேடிப்போய், அதே கோணத்தில் மறுபடி எடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் திருவொற்றியூர்க் கரையில் ஏழு இடங்களைக் குறித்துவைத்திருக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் அதே லென்ஸ், அதே உயரம், அதே நேரம். அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு மின்கம்பம் போன வருடம் இல்லை. படங்கள் தனித்தனியாகப் பார்த்தால் வெறும் கல்லும் தண்ணீரும். சேர்த்துவைத்தால்தான் பேசும், அதற்கும் இன்னும் வருடங்கள் வேண்டும்.

ஒவ்வொரு முறை போகும்போதும் முந்தின முறை எடுத்தவற்றை நான்குக்கு ஆறு பிரிண்டாகக் கொண்டுபோகிறேன். ஒரு பிரியாணிக் காசுக்கு ஒரு கத்தை வருகிறது. இதைப்போல வாசலைத் திறக்கும் கருவி எந்தக் கம்பெனியிலும் விற்பனைக்கு இல்லை. போன தையில் தாழங்குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் கத்தையை முழுக்கப் புரட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணு எடு. பெருசா, ஃப்ரேம் போடற மாதிரி. நாளைக்கு மாலை போடறதுக்கு ஆவும்" என்றார். ஆதார் அட்டைப் படத்தில் அவரை அவருக்கே அடையாளம் தெரியவில்லையாம். உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். காலை எட்டு மணி. கடல் எனக்குப் பின்னால். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது, கண் கூசாமலிருக்கக் கூரை நிழலோரமாக நிற்கவைத்தேன். பழக்கதோஷத்தில் தோளுக்கு மேலே இரண்டு புகைபோக்கிகள் சரியாக வருமாறு சட்டகம் பிடித்திருந்தேன். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"அது வாணாம்பா."

இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்தேன்.